'டிக்' சத்தம் வரவே இல்லை, 4,850 ரூபாய்தான் போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'சரி, போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிடுகிற ஆள் நான். விரல் இடுக்கில் இன்னும் ஆயில் கறுப்பு போகவில்லை. வண்டி பென்னாகரம் ரோட்டில் ஒரு மெக்கானிக் கடையில் பிரித்துக் கிடக்கிறது. போனது 4,850 ரூபாய். அதற்கு மேல் ரிப்பேர் செலவு தனி, அதைப் பிறகு சொல்கிறேன்.

'ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவரும் முப்பது நாளில் தன் பைக்கைத் தானே பார்த்துக்கொள்ளலாம்' என்று செல்போனில் ஓடுகிறதே, அந்த மாதிரி விளம்பரம்தான். ஒரு டூல் பாக்ஸ், இரண்டு பாட்டில் ஆயில், வீடியோ பாடம், 'நம்பிக்கை வரும்வரை போனில் துணை'. பெயரை எழுதப் போவதில்லை. இந்த மாதிரி ஆட்களுக்குப் பெயர் மாற்ற ஒரு மணி நேரம் போதும். ஆள் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், அது போதும்.

நான் தர்மபுரியில் மருந்து ரெப். இன்றைக்குப் பாலக்கோடு, நாளைக்கு அரூர், மறுநாள் கிருஷ்ணகிரி என்று நாள் முழுக்க வண்டியில்தான் பிழைப்பு. பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு ஸ்க்ரூ கழற்றியதில்லை. போன வருஷம் பென்னாகரம் போகிற வழியில் இண்டூர் தாண்டி செயின் கழன்றுவிட்டது. டையும் ஷூவுமாக ரோட்டோரம் நின்று எந்த மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று போனைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் குச்சியால் செயினை ஸ்ப்ராக்கெட்டில் எடுத்து வைத்தார், 'சக்கரத்தைப் பின்னால சுத்து சாமி' என்றார், செயின் ஏறிவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காசு நீட்டினேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு மனதில் தங்கிவிட்டது. வண்டியை நாமே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததுதான். நினைத்ததில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன்.

விளம்பரத்தில் நம்பரைப் பதிந்த பத்தாவது நிமிஷம் போன் வந்தது. என்னை விழ வைத்தது பெட்டி இல்லை, அந்தக் குரல். இளம் பையன், அவசரமே படாத பேச்சு. 'அண்ணா, நட்டுத் திருப்பும்போது உடைஞ்சிடுமோன்னு பயம் வருதா?' என்றான். ஆமாம் என்றேன். 'எனக்கும் அப்படித்தாண்ணா இருந்துச்சு. பயத்துக்குக் காரணம் என்ன தெரியுமா? எவ்வளவு இறுக்கணும்னு நமக்குத் தெரியாது. அதுக்குத்தான் நம்ம பாக்ஸ்ல டார்க் ரெஞ்ச் வருது. சரியான அளவு வந்ததும் டிக்குனு சத்தம் வரும். டிக் வந்தா நிறுத்திடணும். அவ்வளவுதான், நீங்க மெக்கானிக்.'

யோசித்துப் பாருங்கள். இருபது நிமிஷம் என் பயத்தை எனக்கே எடுத்துச் சொன்னான். எத்தனை சிசி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று டாக்டர் மாதிரி விசாரித்தான். டாக்டர்களிடம் பேசியே சம்பளம் வாங்குகிற எனக்கே தோன்றவில்லை, இவனும் என்னைப் போல டார்கெட் வைத்துப் பேசுகிறவன் என்று. 7,999 ரூபாய்ப் பெட்டி ஆடித் தள்ளுபடியில் 4,850 என்றான். போனை வைப்பதற்குள் பணம் அனுப்பிவிட்டேன். 'அண்ணா, வாழ்த்துகள்ணா' என்றான்.

பெட்டி ஆறாம் நாள் வந்தது. கனமாகத்தான் இருந்தது. டார்க் ரெஞ்ச் ஒரு முழத்துக்கும் மேலே. மனைவி கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'ஏங்க, இது பைக்குக்கா, லாரிக்கா?' என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் கேட்டதை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆயில் மாற்றினேன். வண்டியைச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அடியில் பழைய பேசின் வைத்து, ஆயில் நட்டைக் கழற்றினேன். இதுவரைக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கறுப்பு ஆயில் நூல் மாதிரி இறங்கியதைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரும்ப மாட்டும்போது, வீடியோவில் சொன்னபடி ரெஞ்சின் கைப்பிடியைத் திருகி, இருப்பதிலேயே குறைந்த அளவில் வைத்து இறுக்க ஆரம்பித்தேன். டிக் வரவில்லை. இன்னும் கொஞ்சம். வரவில்லை. வீடியோவை நிறுத்தி மறுபடி பார்த்தேன், 'டிக் சத்தம் வரும்வரை தயங்காமல் இறுக்குங்கள்' என்கிறான். தயங்காமல் இறுக்கினேன். சட்டென்று கை லேசானது. மரை போனால் கைக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. நட்டு சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.

உடனே 'துணை' நம்பருக்குப் போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தார்கள். அதே பையன் இல்லை. இந்தக் குரலுக்கு நான் 'அண்ணா' இல்லை, 'சார்'. 'சார், நீங்க ஓவரா டைட் பண்ணிட்டீங்க. அது யூசர் மிஸ்டேக்.' டிக் வரும்வரை இறுக்கச் சொன்னது நீங்கள்தானே என்றேன். 'டிக் வந்திருக்கும் சார், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.' வீட்டில் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம், ஒருவருக்கும் கேட்கவில்லையா? கடைசியில் அவர் சொன்ன வைத்தியம், குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரையில் சுற்றி மாட்டுங்கள், நிற்கும் என்று. நானும் சுற்றி மாட்டினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. குறையக் குறைய அவர்கள் கொடுத்த இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் முழுக்க வாட்ஸ்அப். ரெஞ்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், 4,850 ரூபாயில் பாதியாவது கொடுங்கள் என்று கேட்டேன். முதல் நாள், 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது'. மூன்றாம் நாள், 'டீம் உங்களைத் தொடர்புகொள்ளும்'. ஐந்தாம் நாள், பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேள்வி. எடுக்கவில்லை. 'வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் இல்லை சார்.' சரி, நீங்கள் அனுப்பியது சரியான சாமான் என்பதற்கு உங்களிடம் வீடியோ இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அந்தக் கம்பெனியிடமிருந்து எனக்குக் கிடைத்த டிக் அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் சேலத்தில் எங்கள் மாதாந்திர மீட்டிங். வண்டியில்தான் போனேன். திரும்பி வரும்போது சாயங்காலம், தொப்பூர் ஏற்றம். பின்னால் லோடு லாரிகள். ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. கியர் குறைத்தேன். சத்தம்தான் கூடியது, வேகம் இறங்கிக்கொண்டே வருகிறது. பக்கத்தில் காற்று அடித்துக்கொண்டு ஒரு லாரி கடந்தது. தொப்பூரில் எத்தனை விபத்து நடக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரமாக ஒதுங்கி, இறங்கித் தள்ளி, நின்று, மறுபடி தள்ளினேன். எனக்கு அப்போது ஆயில் ஞாபகமோ ரெஞ்ச் ஞாபகமோ இல்லை. பையன் பத்தாவது படிக்கிறான் என்கிற ஞாபகம்தான் வந்தது. எப்படியோ பாளையம் டோல்கேட் வரை வந்து, அங்கிருந்து ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

மெக்கானிக் அண்ணன் கிளட்ச் பக்கத்தைப் பிரித்துப் பிளேட்டை எடுத்துக் காட்டினார். கறுத்துக் கருகிய வாடை. 'என்ன ஆயில் ஊத்துன தம்பி?' என்றார். மிச்சம் இருந்த பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பின்பக்கம் படித்தார். 'இது கார் ஆயிலுப்பா.'

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நம் கியர் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் எல்லாமே பெரும்பாலும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. காரில் அப்படி இல்லை, இன்ஜின் ஆயில் கிளட்ச்சைத் தொடாது. அதனால் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற மருந்துகளைத் தாராளமாகக் கலக்கலாம். கிளட்ச் பிளேட்டோ உராய்வில்தான் பிழைக்கிறது. அதில் அந்த ஆயில் ஏறினால் பிடிப்புப் போய் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், கருகும். பைக் ஆயில் என்றால் பாட்டிலில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' (MA2) என்று தரக் குறி போட்டிருக்கும். 'எம்பி' (MB) என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. என் பாட்டிலில் இதில் ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் பைக் படம் போட்ட ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது.

அப்புறம் ரெஞ்சைக் கேட்டார். பார்த்ததும் சிரித்துவிட்டார். 'இந்த அளவைப் பாரு, 40-லதான் ஆரம்பிக்குது. உன் ஆயில் நட்டுக்கு 25 பக்கம் போனாலே போதும். இது கார் வீல் நட்டு இறுக்குற ராடு. எப்படி டிக் வரும்? டிக் வர்றதுக்குள்ள அலுமினியம் மரை வந்துடும்.'

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கேயோ தேங்கிப்போன கார் சாமானை வாங்கி, பைக் ஸ்டிக்கர் ஒட்டி, 'நம்பிக்கை' என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். ரெஞ்ச் பழுது என்றால்கூட ஏதோ ஒரு பெட்டியில் தவறு என்று சமாதானப்படலாம். இது பழுதே இல்லை. அந்த ரெஞ்ச் ஒரு காரில் அழகாக டிக் அடிக்கும்!

செலவு: கிளட்ச் பிளேட், கேஸ்கட், லேத்தில் கொடுத்து மரைக்குப் புது உள்கம்பி, சரியான ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,640 ரூபாய். அந்த 4,850-உடன் கூட்டினால் 7,490. இதில் குட்டியானை வாடகை சேர்க்கவில்லை.

நேற்று ராத்திரி அவர்களுடைய மாணவர் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்: 'யாருக்காவது டிக் வராமல் மரை போயிருக்கிறதா?' இரண்டு பேர் உடனே கை தூக்கினார்கள். ஒருவர் ஓசூர், இன்னொருவர் ஈரோடு. ஓசூர்க்காரர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருப்பது தெரிந்தது, அதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். காலையில் பழைய நம்பருக்கு மனைவி போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தது அதே முதல் பையன், அதே அவசரமில்லாத குரல். 'அண்ணா, நட்டுத் திருப்பும்போது...' என்று ஆரம்பித்தான். யார் என்று சொன்னேன். வைத்துவிட்டான்.

சரி, வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயில் பாட்டிலின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்னால் ஜாசோ எம்ஏ இருக்கிறதா என்று பாருங்கள், எந்த கிரேடு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. ஆயில் நட்டை முதலில் விரலாலேயே முழுக்க ஏற்றுங்கள், வாஷர் பழசானால் மாற்றுங்கள், நீளமான ராடால் அதைத் தொடாதீர்கள். மரை போய்விட்டால் டேப் சுற்றாதீர்கள், தயவுசெய்து. பெட்டி வந்தால் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் எடுங்கள். 'ஆடித் தள்ளுபடி இன்றோடு கடைசி' என்றால் போனை வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். நான் மதியம் பதிந்துவிட்டேன். ஆன்லைனில் விற்கிறவர்கள் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் வந்த மின்வணிக விதி இருக்கிறது. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்கு நாம் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. அந்த ஓசூர்க்காரரும் ஈரோட்டுக்காரரும் இதைப் பார்த்தால் என்னைத் தொடர்புகொள்ளுங்கள், மூன்று பேராகப் போடலாம்.

வண்டி நாளை சாயங்காலம்தான் கிடைக்கும், லேத்துக்காரர் இன்று லீவு. நாளைக்கு அரூருக்குப் பஸ்ஸில்தான். மரை போட்டு வந்ததும் ஆயிலை என்னையே ஊற்றச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் அண்ணன், பக்கத்தில் நிற்கிறாராம். 4,850 ரூபாய் ரெஞ்சை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மாப்பிள்ளை கார் வைத்திருந்தால் கொடு என்றார்.