‘ஹெச்.ஆர். இன்டர்ன்ஷிப்’ என்று கூப்பிட்டு நன்கொடை வசூலிக்க விடுகிறார்கள், ஜாக்கிரதை

கோயம்புத்தூர்ப் பக்கம் பி.காம். படிக்கிறேன். செமஸ்டர் லீவுக்கு எல்லாரும் இன்டர்ன்ஷிப் தேடுகிற நேரம் என்பதால் இதை எழுதுகிறேன். ஜூனியர்கள் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள்.

வேலை தேடும் தளம் ஒன்றில் ‘ஹெச்.ஆர். இன்டர்ன், வீட்டிலிருந்தே வேலை, தொண்டு நிறுவனம்’ என்று போட்டிருந்தது. இன்டர்வியூ என்று ஒரு போன், அதில் கேட்டது எந்தக் காலேஜ், வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் பழக்கம், அவ்வளவுதான். அன்றைக்கே ஆஃபர் லெட்டர். குரூப்பில் சேர்த்த பிறகுதான் வேலை என்னவென்று சொன்னார்கள். சொந்தக்காரர்களிடமும் ஃப்ரெண்ட்ஸிடமும் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கென்று நன்கொடை வாங்க வேண்டும், அதை முடித்தால்தான் ஹெச்.ஆர். வேலை தொடங்கும். (தொடங்கவே இல்லை. அடுத்த கட்டமும் வசூல்தான், அதற்கு ‘லீடர்ஷிப் மாட்யூல்’ என்று பெயர்.)

என்ன எழுத வேண்டும் என்பதைக்கூட அவர்களே தந்துவிடுவார்கள், நம் பெயரையும் காலேஜ் பெயரையும் போட்டு அனுப்பினால் போதும். டீம் லீடர் ஓர் ஆடியோ போட்டார்: “உங்ககிட்ட இல்லைன்னு சொல்ல முடியாதவங்களா பாத்து முதல்ல கேளுங்க.” அத்தை, பழைய ட்யூஷன் டீச்சர், அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் என்று கீழே ஒரு பட்டியல் வேறு. இத்தனைக்கும் அந்த டீம் லீடரும் நம்மைப் போல இரண்டாம் வருடம் படிக்கிற பெண்தான். அவளுக்கு மேலே இருக்கிறவனும் ஸ்டூடண்ட்தான். நிறுவனத்து ஆள் என்று யாரையும் நான் கடைசிவரை பார்க்கவில்லை, குரலைக்கூடக் கேட்கவில்லை.

ஸ்டைபெண்ட், வசூலில் 20 சதவீதம். அதாவது அத்தை 500 ரூபாய் போட்டால் 100 எனக்கு, அது அத்தைக்குத் தெரியாது. கொடுப்பவர்களிடம் இதைச் சொல்லிவிடலாமா என்று குரூப்பில் கேட்டதற்கு ஒரு கைகூப்பும் எமோஜி பதிலாக வந்தது. எனக்குக் கடுப்பானது அங்கேதான்.

முதலில் நிறுவனத்தின் பெயரில் ஒரு லிங்க் இருந்தது. பிறகு சர்வர் பிரச்சினை என்று சொல்லி ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார்கள். எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணன் 200 ரூபாய் தருகிறேன் என்று ஸ்கேன் செய்துவிட்டு, “அம்மணி, இதுல யாரோ ஆம்பளப் பேரு வருது, டிரஸ்ட்டு பேரக் காணோமே” என்றார். வேண்டாம் அண்ணா என்று நிறுத்திவிட்டேன். ஆனால் அதற்குள் அத்தை அதே கோடில் போட்டாயிற்று.

ரசீது வந்ததும் மாமா அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார், அவர் வரிக் கணக்கெல்லாம் தானே தாக்கல் செய்கிறவர். மேலே கொட்டை எழுத்தில் ‘80ஜி வரிவிலக்கு உண்டு’ (நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் சலுகை தரும் பிரிவு அது). பதிவு எண் இருக்க வேண்டிய இடம் காலி. “பான், ஆதார் எதையும் கேக்காம எப்படிக் கண்ணு 80ஜி ரசீது குடுத்தான்?” என்று கேட்டார். நன்கொடை வாங்குகிற நிறுவனம் நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் 10பிடி படிவத்தில் கொடுத்தவர் விவரத்தை வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து, 10பிஇ என்ற சான்றிதழையும் தர வேண்டுமாம். அது வராமல் வெறும் பிடிஎஃப்பை வைத்து எந்த வரிக் கழிவும் வாங்க முடியாது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவே.

நிறுவனத்தின் பெயரை வருமான வரித் தளத்திலும் தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்திலும் தேடினேன், இரண்டிலும் இல்லை. போஸ்டரில் இருந்த குழந்தையின் படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் வேறு எங்கெங்கோ வேறு வேறு பெயரில் அதே முகம். இதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டேன், கொஞ்ச நேரத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள். சான்றிதழ் மட்டும் மெயிலில் வந்தது, ‘சிறந்த ஹெச்.ஆர். பயிற்சியாளர்’ என்று.

சரி, தர்பனில் பெயர் இருந்துவிட்டால் நம்பலாமா? அதுவும் இல்லை. முறையாகப் பதிவு செய்துவிட்டு இதே மாதிரி மாணவர்களை வைத்து வசூலிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் போனிலேயே கேளுங்கள்: வேலை என்ன, பணம் வசூலிக்கச் சொல்வீர்களா, அதில் கமிஷன் உண்டா, போன வருடக் கணக்கு எங்கே பார்க்கலாம். மழுப்பினால் வைத்துவிடுங்கள். சேரும்போது ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள். எங்கள் குரூப்பில் பாதிப் பேர் கொடுத்திருந்தார்கள்.

அத்தையை விட்டே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யச் சொன்னோம், ஏனென்றால் பணம் போனது அவர் கணக்கிலிருந்து. யுபிஐ ஆப்பில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான எண்), தேதி, தொகை எல்லாம் கேட்டார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். புகார் எண் கிடைத்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. தெரிந்த மாணவர் அனுப்பிய க்யூஆரில் நீங்கள் பணம் போட்டிருந்து, அதில் தனி ஆள் பெயர் வந்திருந்தால், அந்தப் பையனையோ பெண்ணையோ திட்டுவதற்கு முன்னால் பணம் போன கணக்கின் பெயரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க தாமதிக்காதீர்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.