ஜிப்பா, எஸ்விஎன்னா, கிட்டா: மாடல் நிரலை எப்படி இறக்குவது?

வானிலை மாடலோ கடல் மாடலோ, நிரலை முதல்முறை இறக்கும்போது எந்த வழியில் போனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. புதிய பதிப்பு வரும்போதுதான் தெரியும். அதனால் ஜிப் கோப்பு, எஸ்விஎன், கிட் என்ற மூன்று வழிகளை இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுகிறேன். (எஸ்விஎன், கிட் இரண்டும் நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவிகள்.) நாம் திருத்திய வரிகள் புதுப்பித்த பிறகும் தப்புமா? ஒரு முடிவு எந்த நிரலில் இருந்து வந்தது என்று ஒரு வருடம் கழித்துச் சொல்ல முடியுமா?

ஜிப் அல்லது டார் கோப்பு பயிற்சி வகுப்புக்கும், ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்கும் போதும். வரலாறு எதுவும் அதில் வராது. மேகங்களைக் கணக்கிடும் பகுதியில் நான்கு வரிகளை மாற்றியிருந்தால், அடுத்த பதிப்பில் அவற்றை டிஃப் (இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் கட்டளை) போட்டுத் தேடிக் கையால் ஒட்ட வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கிட்ஹப் (கிட் ரெப்போக்களை, அதாவது நிரல் சேமிப்பிடங்களை, வைத்திருக்கும் தளம்) தானாக உருவாக்கித் தரும் ஜிப்பில் சப்மாட்யூல்கள் (ஒரு ரெப்போவுக்குள் இணைக்கப்பட்ட வேறு ரெப்போக்கள்) இருக்காது, அந்தக் கோப்புறைகள் காலியாகவே வரும். டபிள்யூஆர்எஃப் வானிலை மாடலில் நோவா-எம்பி என்ற நிலப்பரப்புப் பகுதி இப்படித் தனி ரெப்போவில் இருந்துதான் வருகிறது. அதனால் அந்தக் குழுவினரே கட்டிப் பதிவேற்றும் டார் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். தானாக உருவாகும் ஜிப்பும் அதன் பக்கத்திலேயே நிற்பதால், புதிதாக வரும் மாணவர்கள் கம்பைல் (நிரலை ஓடக்கூடியதாக மாற்றும் வேலை) பிழையில் சிக்கிக்கொள்கிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது.

எஸ்விஎன் நீண்ட காலம் இந்தத் துறையின் வேலைக்காரக் கருவியாக இருந்தது. மாற்ற எண் ஒன்றுவிடாமல் ஏறிக்கொண்டே போகும் என்பதால் கட்டுரையில் குறிப்பிட எளிது. பெரிய ரெப்போவில் ஒரு கோப்புறையை மட்டும் எடுப்பதும் கிட்டைவிட இதில் சுலபம். ஆனால் வெளியாளுக்கு சர்வரில் எழுதும் உரிமை கிடைக்காது. அவர் செய்த திருத்தங்கள் கமிட் ஆகாமல், அதாவது வரலாற்றில் பதிவாகாமல், அந்தரத்தில் நிற்கும். அப்டேட் போட்டதும் சர்வரின் மாற்றங்கள் நேராக அவற்றின் மேல் வந்து கலக்கும். கலந்தபின் பழைய நிலை வேண்டுமென்றால், முன்கூட்டியே பேட்ச் (நம் திருத்தங்கள் மட்டும் அடங்கிய கோப்பு) எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. நீமோ கடல் மாடல் கிட்ஹப் போன்ற தளமான கிட்லாபுக்குப் போய்விட்டது, கிட்ஹப்பும் 2024 ஜனவரியில் எஸ்விஎன் வழி அணுகலை நிறுத்திவிட்டது. நீங்கள் எடுக்கும் மாடல் இன்னும் எஸ்விஎன்னில்தான் இருக்கிறது என்றால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

என் தேர்வு கிட். குளோன் செய்தால், அதாவது ரெப்போவை நகலெடுத்தால், முழு வரலாறும் நம் கணினிக்கு வந்துவிடும், யாருடைய அனுமதியும் இல்லாமல் கமிட் செய்யலாம். வெளியீட்டு டேகில் (ஒரு பதிப்பைக் குறிக்கும் பெயர்ச்சீட்டு) இருந்து நமக்கென ஒரு கிளை பிரித்து, திருத்தங்களை அதில் வைக்க வேண்டும். புதிய பதிப்பு வந்ததும் ஃபெட்ச் செய்து (புதியவற்றை இறக்கி), புது டேகை அந்தக் கிளையில் மெர்ஜ் செய்தால் (இணைத்தால்) போதும். இரு தரப்பும் கைவைத்த இடங்களில் மட்டும்தான் கேள்வி எழும்.

பைசெக்ட் (மாற்றம் நுழைந்த கமிட்டைத் தேடும்) வசதிக்காகவே கிட்டைக் கற்றுக்கொள்ளலாம் என்பேன். இரண்டு பதிப்புகளுக்கு இடையே மழை அளவு திடீரென்று மாறிவிட்டது, நடுவில் ஆயிரம் கமிட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் ஏறக்குறைய பத்து கம்பைலில் குற்றவாளி கமிட் அகப்படும். ஒருமுறை கம்பைல் செய்யவே அரை மணி ஆகும் மாடலில் இது எவ்வளவு பெரிய உதவி! இடம் மிச்சம் என்று டெப்த் ஒன்று போட்டு, அதாவது கடைசிக் கமிட்டை மட்டும் கேட்டுக் குளோன் செய்பவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

கிட்டில் கஷ்டமான இடம் சப்மாட்யூல்தான். ஜியோஸ்-கெம் என்ற வளிமண்டல வேதியியல் மாடல் 13.0.0 பதிப்பில் இருந்து அறிவியல் நிரலையே சப்மாட்யூலாக வைத்திருக்கிறது. வெறும் கிட் புல் (புதியதை இறக்கி இணைக்கும் கட்டளை) போட்டால் வெளிக்கூடு மட்டும் புதிதாகும், உள்ளே பழைய நிரலே இருக்கும். சில சமயம் அதுவும் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிடும், அதுதான் ஆபத்து. புல்லுக்குப் பிறகு சப்மாட்யூல் அப்டேட்டை இனிட், ரிகர்சிவ் தெரிவுகள் இரண்டும் சேர்த்துப் போடுங்கள். சிஇஎஸ்எம் என்ற காலநிலை மாடல் வேறு பாதையில் போனது. முதலில் தனிப் பட்டியல் கோப்பைப் படிக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அப்புறம் கிட்-ஃப்ளெக்சிமாட் என்ற கருவி. எனக்குச் சாதாரண சப்மாட்யூலே பிடிக்கும், எங்கும் ஒரே கட்டளைதான். ஆனாலும் சிஇஎஸ்எம்மில் அவர்கள் சொல்லும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது.

எந்த வழியானாலும், பதிப்பு மாறினால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைல் உருவாக்கும் இடைக்கோப்புகள்) துடைத்துவிட்டு முழுதாகக் கம்பைல் செய்யுங்கள், நேம்லிஸ்டில் (மாடலின் அமைப்புகள் இருக்கும் கோப்பு) புதிய மாறிகள் வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கிட்டில் இருந்தால், வேலையைச் சமர்ப்பிக்கும் ஸ்கிரிப்டிலேயே கிட் டிஸ்க்ரைபை (இப்போதுள்ள பதிப்பின் பெயரைச் சொல்லும் கட்டளை) டர்ட்டி தெரிவுடன் ஓட்டி, அதன் விடையையும் சப்மாட்யூல் ஸ்டேட்டஸையும் வெளியீட்டுக் கோப்புறையில் எழுதி வையுங்கள். விடையின் கடைசியில் டர்ட்டி என்று வந்தால், கமிட் செய்யாத திருத்தத்தோடு மாடல் ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது டிஃபையும் ஒரு கோப்பாக அதே இடத்தில் போட்டுவிட வேண்டும்.