சர்ச் கன்சோலும் பிசினஸ் புரொஃபைலும்: பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அனுபவம்

பாளையங்கோட்டையில் மூன்று மேசை போட்ட அலுவலகம் எங்களுடையது. ஜவுளிக்கடை, பல் மருத்துவர், அல்வாக் கடை, குற்றாலத்துத் தங்கும் விடுதி என்று இந்த வட்டாரத்து ஆட்களுக்குத்தான் எஸ்.இ.ஓ. வேலை, அதாவது கூகுள் தேடலில் அவர்கள் கண்ணில் படச் செய்யும் வேலை, பார்க்கிறோம். சந்தா கட்டிய கருவிகள் பல வந்தன, போயின. காலையில் வந்ததும் நாங்கள் திறப்பது கூகுள் காசில்லாமல் தரும் இரண்டைத்தான்: எந்தச் சொல்லைத் தேடியபோது நம் தளம் கூகுளில் வந்தது என்று காட்டும் சர்ச் கன்சோல், தேடலிலும் வரைபடத்திலும் கடையின் விவரத்தைக் காட்டும் பிசினஸ் புரொஃபைல். பெருநகர நிறுவனங்கள் எழுதும் மதிப்பீடுகளில் இவை ஓரமாக வந்துபோகும். எங்கள் பிழைப்பே இவற்றில்தான் ஓடுகிறது.

ஏன் என்பதற்குப் பத்தமடைப் பாய் ஒன்றே போதும். கோரைப் பாய் விற்கும் வாடிக்கையாளர் ஒருவருக்காக, டாலரில் சந்தா வாங்கும் ஒரு கருவியில் (பெயர் வேண்டாம்) சொற்களைப் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் மாதத் தேடல் பூஜ்யம் என்றது. அதே சொற்கள் சர்ச் கன்சோலில் வரிசையாக நிற்கின்றன: மணமக்கள் பெயர் நெய்த பாய், கல்யாணச் சீர்ப் பாய் விலை, பட்டுப் பாய் எங்கே கிடைக்கும். பத்தமடை என்ற ஊர்ப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் ஏழெட்டு விதமாக அடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்குச் சில இம்ப்ரெஷன்தான், அதாவது தேடல் முடிவில் தளம் சில தடவைதான் வந்திருக்கும். ஆனால் பெயர் நெய்த பாயைத் தேடுகிறவர் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறார். பெயர் நெய்வதற்கென்றே தனிப் பக்கம் போட்டு, பாயின் படங்கள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற விவரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்த்தோம். விசாரிக்கும் அழைப்புகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் அதிகம் வருகின்றன. கட்டணக் கருவிகள் தருவது மதிப்பீடு. சின்ன ஊர்த் தேடல்கள் அந்த மதிப்பீட்டின் சல்லடையில் தங்குவதில்லை.

குறைகளும் உண்டு. உங்கள் தளம் ஏற்கனவே தலைகாட்டிய தேடல்களை மட்டுமே சர்ச் கன்சோல் காட்டும். புதுத் தளத்தை வைத்துக்கொண்டு அதைத் திறந்தால் வெறும் கோடுதான். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடும். அதனால் பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்துக்கு வராது. எங்களைப் போன்ற சின்னத் தளங்களில் இந்த இடைவெளி பெரிது. முதன்முதலில் பார்க்கும் வாடிக்கையாளர் கணக்கில் ஏதோ கோளாறு என்றே நினைப்பார்.

தரவு 16 மாதத்துக்குத்தான் இருக்கும் என்பது குற்றாலத்துக்காரர்களைக் குறிப்பாகப் பாதிக்கும். சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. போன ஆண்டு சீசனையும் இந்த ஆண்டு சீசனையும் முழுதாக ஒப்பிட வேண்டுமானால் செப்டம்பருக்குள் உட்கார வேண்டும். அக்டோபர் போய்விட்டால் முந்தைய ஆண்டின் ஜூன் கழன்றுவிடும். சீசன் முடிந்த கையோடு எக்ஸெலில் இறக்கி வைத்துவிடுகிறோம்.

பிசினஸ் புரொஃபைல் (2021 வரை கூகுள் மை பிசினஸ்) வேறு ரகம். திருநெல்வேலி டவுனில் ஓர் அல்வாக் கடை அண்ணாச்சிக்கு, கடை உண்மையில் இருக்கிறது என்று கூகுளுக்குக் காட்டும் சரிபார்ப்புக் காணொளி எடுத்தோம். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெரு, பெயர்ப் பலகை, பிறகு கடை அவருடையதுதான் என்று காட்ட உள்ளே போய்க் கல்லா திறப்பது, உரிமச் சான்று. பெயர்ப் பலகைக்கு வரும்போது ஒரு மினி பஸ் குறுக்கே வந்து நின்றது. "தம்பி, பஸ் போகட்டும், திரும்ப எடுப்போம்" என்று அண்ணாச்சி நிதானமாக வியாபாரம் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் முறை நெய் வாசத்தோடு முடிந்தது.

அவரே பிறகு ஒரு யோசனை சொன்னார்: "ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களுக்குக் கால் கிலோ கொடுத்துவிடலாமே?" விமர்சனத்துக்கு ஈடாக எதையும் கொடுக்கக் கூடாது என்பது கூகுளின் விதி. அல்வாவும் அதில் அடங்கும் என்று புரியவைக்க ஒரு மாலை ஆனது.

கூகுள் வரைபடத்தில் எந்தக் கடை முதலில் வரும் என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம். தூரத்தை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மேலப்பாளையத்துக் கடையை வண்ணார்பேட்டையில் நின்று தேடுகிறவருக்கு எப்போதும் முதலில் காட்ட யாராலும் ஆகாது. தன் கடைக்குள் நின்று தேடிவிட்டு "நான்தான் முதலிடம்" என்று மகிழ்பவர்களும் உண்டு. அந்த மகிழ்ச்சியை நான்தான் கெடுக்க வேண்டியிருக்கிறது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. விலைப்பட்டியலோடு அந்தப் பக்கத்தையும் அச்சடித்துக் கொடுக்கிறேன். சிலர் அத்தோடு திரும்பி வருவதில்லை. வந்தவர்கள் நிலைத்து நிற்கிறார்கள், பணமும் தேதிக்கு வருகிறது.

தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலையில் நின்று, ஜி.ஏ.4 என்ற புதிய பதிப்பு அதன் இடத்தைப் பிடித்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் யாரும் அதைத் திறந்து பார்த்து நான் அறியேன். எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்பது அவர்களுக்குப் போதும். அது புரொஃபைலிலேயே இருக்கிறது.

கடை வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள். புரொஃபைலின் உரிமையாளர் உங்கள் மின்னஞ்சலா, விளம்பர ஏஜென்சியின் மின்னஞ்சலா? எங்களிடம் புதிதாக வருகிறவர்களில் பலருக்கு அது பழைய ஏஜென்சியின் பெயரில்தான் இருக்கிறது. உரிமை கேட்டுக் கோரிக்கை அனுப்பினால் பதில் சொல்ல எதிர்த் தரப்புக்கு மூன்று நாள் அவகாசம். பதில் இல்லையென்றால்தான் நீங்களே உரிமை கோரும் வழி சில சமயம் திறக்கும். ஏஜென்சிக்கு, எங்களையும் சேர்த்துத்தான், மேலாளர் அனுமதி மட்டும் கொடுங்கள். வேலைக்கு அது தாராளம்.