மேடைக்கு மேடை ஆம்ப் மாறினால்: ஐபனீஸ் டிஎஸ்9 டியூப் ஸ்க்ரீமர்

ஊர் ஊராகப் போய் ப்ளூஸும் ராக்கும் வாசிக்கிற கிதார் கலைஞருக்குக் கிதாரும் பெடலும்தான் சொந்தம். ஆம்ப் (ஒலிபெருக்கி) பெரும்பாலும் அந்தந்த ஊரில் வாடகைக்கு எடுத்து வைத்ததாக இருக்கும். இன்று ஃபெண்டர், நாளை மார்ஷல். பையில் ஒரே ஒரு ஓவர்டிரைவ் பெடலுக்குத்தான், அதாவது கிதார் ஒலியை லேசாக உடைத்துக் கரகரப்பாக்கும் மிதிபெட்டிக்குத்தான், இடம் என்றால் டிஎஸ்9-ஐ எடுத்து வையுங்கள். ஆனால் எந்த ஆம்பில் அது கைகொடுக்கும், எதில் கைவிடும் என்று தெரிந்துகொண்டு எடுத்து வையுங்கள்.

பெயரில் டியூப் இருந்தாலும் உள்ளே வால்வு கிடையாது. ஒரு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்), அதன் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக வைத்த டயோடுகள். சிக்னலின் முகட்டை மழுக்குவது இந்த டயோடுகள்தான். மழுங்கிய ஒலியோடு அசல் சிக்னலும் சேர்ந்தே வெளியே வருவதால், பிக் தந்தியைத் தொடும் அந்த முதல் அடி அமுங்கிப் போவதில்லை. பெடலின் குணத்தைத் தீர்மானிப்பது 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக இவை பெருக்கத்தைக் குறைக்கும். மேல் பக்கத்தை டோன் பகுதி சீவிவிடும். எஞ்சுவது நடு அலைவரிசையில் ஒரு மேடு. டிரம்ஸும் பேஸும் சேர்ந்து முழங்கும்போது கிதார் சோலோ காதில் விழ அந்த மேடு போதும்.

பழைய பாணி ஃபெண்டர் ஆம்புகளில் நடு அலைவரிசை இயல்பாகவே குழிந்திருக்கும். பெடலின் மேடு அந்தக் குழியில் போய் உட்காரும். ப்ளூஸ் கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வான் முந்தைய மாடலான டிஎஸ்808-இல் தொடங்கி டிஎஸ்9, டிஎஸ்10 என்று இந்தக் குடும்பத்தை விடாமல் வைத்திருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் ஒலியைத் தேடி டிரைவை (உடைவின் அளவைக் கூட்டும் குமிழை) முழுக்கத் திருப்புகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அந்த ஒலியில் பெரும்பங்கு சத்தமாக ஓடிய வால்வு ஆம்புக்கும், 0.013 அங்குலத் தடித்த தந்திக்கும், அரை ஸ்வரம் இறக்கிய சுருதிக்கும், அவர் கைக்கும் உரியது.

முதலில் பெடலை அணைத்துவிட்டு ஆம்பைச் சரிசெய்யுங்கள். மெல்ல மீட்டினால் சுத்தமாகவும் ஓங்கி மீட்டினால் லேசாக உடைந்தும் ஒலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு பெடலின் குமிழ்களைக் கடிகார முள் போலப் பார்த்தால் டிரைவ் 9 மணி, டோன் 12 மணி, லெவல் 2 மணி நிலை. அங்கிருந்து காதை நம்பி நகருங்கள். ரிதத்துக்குக் கிதாரின் வால்யூமை 6 அல்லது 7-க்கு இறக்கினால் பெடலை அணைக்காமலே ஒலி தெளிந்துவிடும். டிரைவ் 3 மணியைத் தாண்டினால் இரைச்சல் ஏறும், விரலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.

மார்ஷல் வகை ஆம்பில் நடு ஒலி ஏற்கெனவே முன்னால் நிற்கும். அங்கே அதே அமைப்பு மூக்கால் பாடுவது போல் இருக்கும், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிதாரில் இன்னும் மோசம். ஆம்பின் மிட் குமிழைக் குறைத்து, பெடலின் டோனைச் சற்று ஏற்றினால் சரியாகும். ஆம்ப் முழுக்க உடைந்து ஓடிக்கொண்டிருந்தால் வேறொரு சிக்கல்: லெவலை எவ்வளவு ஏற்றினாலும் சோலோவில் சத்தம் கூடாது, ஒலி தடிப்பது மட்டுமே நடக்கும். அந்த ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்குப் பிறகு பெடல் செருகும் இடம்) இருந்தால் அதில் ஒரு சுத்தமான பூஸ்ட் பெடலை வையுங்கள்.

இந்தப் பெடல் உண்மையிலேயே தோற்பது சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்பில். மொத்த உடைவும் பெடலிலிருந்தே வர வேண்டியிருப்பதால் ஒலி மெலிந்து ரீங்கரிக்கும், அடித்தந்திகளில் கனம் இருக்காது. அடிக்கடி அப்படிப்பட்ட மேடை கிடைக்கிறவர், இதற்குப் பின்னால் வைக்க ஒரு ப்ரீஆம்ப் வகைப் பெடலும் (ஆம்பின் முன்பகுதி வேலையைச் செய்வது) கொண்டுபோவது நல்லது.

கூடுதல் விலை கொடுத்து டிஎஸ்808 வாங்கலாமா? சுற்றில் முக்கிய வேறுபாடு வெளியீட்டுப் பக்கத்து இரண்டு மின்தடைகள்: 808-இல் 100 ஓம், 10 கிலோ ஓம், டிஎஸ்9-இல் 470 ஓம், 100 கிலோ ஓம். பேண்டுக்கு நடுவே அது காதில் படுவது அரிது. பழைய 4558 ஆப்-ஆம்ப் சிப்புக்காக அலைவதும் அப்படித்தான். அந்தப் பணத்தை ஆம்பின் வால்வுக்கோ ஸ்பீக்கருக்கோ செலவழித்தால் பலன் தெரியும்.

பயணத்தில் கவனிக்க வேண்டியவை சில. 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் அடாப்டர் மட்டுமே செருகுங்கள். பேட்டரியில் ஓட்டினால் வாசிக்காத நேரத்தில் உள்ளீட்டு கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரையும். இது ட்ரூ பைபாஸ் அல்ல, அதாவது அணைத்தால் சிக்னல் பெடலைத் தொடாமல் நேரே போய்விடாது. அணைத்திருந்தாலும் பஃபர் என்ற, சிக்னலை வலுவிழக்காமல் கடத்தும் சுற்று வழியாகவே போகும். நீளமான கேபிளுக்கு அது நன்மை. ஜெர்மேனியம் ஃபஸ் பெடலுக்கு (ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரால் ஒலியைக் கடுமையாக உடைப்பது) முன்னால் வைத்தால் ஃபஸ் கூசும் ஒலி தரும், ஆகவே ஃபஸ் எப்போதும் முன்னால். நாள்பட மிதிக்கு அடியில் உள்ள சிறிய அழுத்து ஸ்விட்ச் தேய்ந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் மாறும். மலிவான பாகம், சால்டரிங் தெரிந்தவர் மாற்றிவிடலாம். நீண்ட சுற்றுப்பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.