பெறுபவர் முன்னா, பொருள் முன்னா?

ஆங்கிலத்தில் கொடுத்தலைக் குறிக்கும் வினைக்குப் பின் பெறுபவரை முதலில் வைப்பதா, பொருளை முதலில் வைப்பதா என்று பலர் தயங்குகிறார்கள். தமிழில் 'அவளுக்கு', 'புத்தகத்தை' என வேற்றுமை உருபுகளே உறவைக் காட்டிவிடுவதால் சொற்கள் இடம் மாறினாலும் அர்த்தம் கெடுவதில்லை. ஆங்கிலத்திலோ அந்த வேலையைப் பெரும்பாலும் சொல்லின் இடமே செய்கிறது.

முதல் அமைப்பு: ஐ கேவ் ஹெர் எ புக்.
இரண்டாம் அமைப்பு: ஐ கேவ் எ புக் டு ஹெர்.

அழுத்தம்: முதலாவதில் புத்தகத்தின் மீது, இரண்டாவதில் அவள் மீது. புதிய செய்தி இறுதியில் வருவதே ஆங்கிலத்தின் இயல்பு.

நீளம்: பொருளைக் குறிக்கும் தொடர் நீண்டால் முதலாவது, பெறுபவரைக் குறிக்கும் தொடர் நீண்டால் இரண்டாவது.

கொடுக்கப்படும் பொருள் 'இட்' (அது) என்றால்: 'கிவ் இட் டு ஹெர்' என்பதே இயல்பு.

வினை: இங்கேதான் பிழை மிகுதி. 'எக்ஸ்பிளெய்ன்', 'டொனேட்', 'சஜஸ்ட்' ஆகியவை முதல் அமைப்பை ஏற்பதில்லை. நானும் நெடுநாள் 'எக்ஸ்பிளெய்ன் மீ த ப்ராப்ளம்' என்றே எழுதிவந்தேன்; 'எக்ஸ்பிளெய்ன் த ப்ராப்ளம் டு மீ' என்பதே சரி. 'பை' (வாங்கு), 'குக்' (சமை) போன்றவை இரண்டாம் அமைப்பில் 'டு'வுக்குப் பதில் 'ஃபார்' கேட்கும்.

தெளிவு: 'தே கால்டு ஹிம் எ டாக்டர்' என்பது அவரை மருத்துவர் என்று அழைத்ததையும் குறிக்கலாம், அவருக்காக மருத்துவரை வரவழைத்ததையும் குறிக்கலாம். முன்னதில் 'டாக்டர்' நிரப்பி (அவர் யார் என்று சொல்லும் சொல்), பின்னதில் செயப்படுபொருள். 'தே கால்டு எ டாக்டர் ஃபார் ஹிம்' என்றால் குழப்பமில்லை.

ஆகவே அன்றாட உரையாடலுக்கு முதலாவது பொருந்தும்; வினை ஐயமானதாகவோ அர்த்தம் இருவிதமாகவோ தோன்றும் இடத்தில் இரண்டாவதையே எழுதுங்கள்.