சென்னையில் இகுவானாவுக்கு வைத்தியம்

இந்த முறை ஊருக்குப் போனபோது பேங்க் வேலை, ஆதார் வேலை எல்லாம் பெரிய அலைச்சல் இல்லாமல் முடிந்துவிட்டது. அலைச்சல் என்றால் அக்கா பையன் வளர்க்கும் இகுவானா என்ற பெரிய பல்லிக்கு டாக்டர் தேடியதுதான். நாய், பூனை என்றால் தெருவுக்கு ஒரு க்ளினிக் இருக்கிறது. பல்லி இனத்துக்கு என்று கேட்டால் போனை எடுத்தவர்கள் முதலில் சிரிக்கிறார்கள்.

நான் சிட்னியில் பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலியப் பல்லி வளர்க்கிறேன். அதற்கே அங்கே லைசென்ஸ் வேண்டும். இகுவானா மாதிரி வெளிநாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வைக்கவே கூடாது. அதனால் இகுவானாவைக் கையில் எடுத்துப் பார்த்தது அக்கா வீட்டில்தான்.

“வெயில் தாங்காம தண்ணித் தொட்டியிலேயே படுத்துக் கிடக்கு மாமா, சாப்பாடும் இறங்கல” என்றான் பையன். கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல் மடிப்பை விரலால் விலக்கினேன். மிளகுத்தூள் தூவினது போலக் கரும்புள்ளிகள். அதில் ஒன்று நகர்ந்தது. காதுச் சவ்வின் ஓரத்திலும், கண்ணிமை விளிம்பிலும், முன்னங்கால் இடுக்கிலும் அதே கதை. ஈர டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தால் சிவப்பாகக் கறை படிந்தது. தொட்டித் தண்ணீரில் செத்த புள்ளிகள் மிதந்தன. வெயிலுக்காக அது தண்ணீரில் கிடக்கவில்லை. மைட்ஸ் எனப்படும் சிற்றுண்ணி கடி தாங்காமல் கிடந்தது.

அத்தான் உடனே கால்நடை மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்து பாட்டிலை எடுத்து வைத்து, “ரெண்டு சொட்டு தண்ணில கலந்து குளிப்பாட்டிடுங்க சார்” என்றார். இன்னொரு கையில் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து. சீட்டும் கேட்கவில்லை, எடையும் கேட்கவில்லை. பாட்டில்கள் அங்கேயே இருக்கட்டும் என்று திரும்பிவிட்டோம். மாட்டுக்குக் கலக்கும் அளவைக் கண்மதிப்பில் சுருக்கி ஒரு பல்லிக்குப் போட்டால் உண்ணிக்கு முன்னால் பல்லி போய்விடும். மருந்து இவ்வளவு சுலபமாகக் கிடைப்பது வசதி என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அது பயமாகத்தான் இருக்கிறது.

போனில் “எக்ஸாடிக் எல்லாம் பார்ப்போம்” என்று சொன்ன ஒரு க்ளினிக்குக்குப் போனோம். அவர்களுக்கு எக்ஸாடிக் என்றால் கிளியும் முயலும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள், ஃபீஸ் மட்டும் குறையாமல் வாங்கினார்கள்.

அடுத்துப் போன இடத்தில் ரிசப்ஷனில் இருந்த பெண் எடுத்த எடுப்பில் கேட்டது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்று. அத்தானுக்குக் கோபம் வந்தது. எனக்கு, சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று பட்டது. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்; அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பச்சை இகுவானா அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்லவேளை, பையன் அப்போதே பரிவேஷ் தளத்தில் பதிவு செய்து பி.டி.எஃப்-ஐ போனில் வைத்திருந்தான். உடும்போ நட்சத்திர ஆமையோ என்றால் பேச்சே கிடையாது, அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

டாக்டர் அம்மா வேப்பேரியில் படித்தவர். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அது. அங்கே படித்தவர்களுக்கு மாடும் தெரியும், மயிலும் தெரியும் என்று அத்தான் பெருமையாகச் சொன்னார், கோபத்தையெல்லாம் மறந்து. டாக்டர் இகுவானாவைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, வீட்ல ஆமை இருக்கா?”

இருந்தது. சிவப்புக்காது ஆமை ஒன்று, அதே அறையில். ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். மருந்துக்கடை ஊசியை வாங்கி வந்து, போட்ட கையோடு பையன் ஆமைத் தொட்டியையும் கழுவியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

தோலில் செலோடேப்பை ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தராசில் வைத்து எடை. அதற்குப் பிறகுதான் மருந்துப் பேச்சு. ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்தைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், நேராக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, முகத்துப் பக்கம் போகவே கூடாது. எத்தனை நாள் இடைவெளி, எப்போது நிறுத்துவது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

“மருந்து பாதி வேலைதான் சார். மீதி உங்க கூண்டுக்குள்ள இருக்கு” என்றார். உண்ணி முட்டையிடுவது பல்லியின் உடம்பில் இல்லை; மரக்கட்டைப் பொந்தில், ப்ளைவுட் இணைப்பில், அடியில் போட்ட தேங்காய் நாருக்குள். சென்னைச் சூட்டில் முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த தலைமுறை முட்டையிட இரண்டு வாரம் தாராளம். உடம்பை மட்டும் துடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் மாதக் கடைசியில் மறுபடி அதே டாக்டர், அதே ஃபீஸ்.

வீட்டுக்கு வந்ததும் நாரையும் கட்டையையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். கூண்டைக் கொதிநீரால் கழுவி, இணைப்பு ஒவ்வொன்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தான் பையன். அடியில் வெள்ளைத் தாள் மட்டும், தினம் மாற்ற வேண்டும். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார் டாக்டர். புள்ளிகள் குறைகிறதா என்று அவர் அதில் பார்த்துக்கொள்வார். சிட்னியில் எனக்கு இந்தச் சேவை கிடைத்ததில்லை. அங்கே சந்தேகம் கேட்கவும் அப்பாயின்ட்மென்ட்தான்.

கால்சியம் உடம்பில் சேர இகுவானாவுக்கு வெயிலில் உள்ள யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். அதைத் தரும் விளக்கு வாங்கக் கொளத்தூர் போனோம். மீன் தொட்டிக் கடைகளுக்குப் பேர் போன இடம். ஊதா நிறத்தில் எரியும் விளக்கையெல்லாம் “யூ.வி. தான்ணா” என்று நீட்டுகிறார்கள். ஊதாவாக எரிவதெல்லாம் யூ.வி.பி. இல்லை. அட்டையில் யூ.வி.பி. அளவு அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யூ.வி.பி. மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும் என்பதால், வாங்கிய தேதியை ட்யூபிலேயே எழுதி வைப்பது நல்லது.

ஆனால் சென்னையில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடியே போதும் என்பது டாக்டர் கருத்து. காலை வெயிலில் கம்பிக்கூண்டை வைத்து, பாதிக்கு நிழல் கட்டிவிட வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வைக்கக் கூடாது. கண்ணாடி யூ.வி.பி.யைத் தடுத்துவிடும், உள்ளே சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

சாப்பாட்டில் பாலக்கீரையை நிறுத்தச் சொன்னார்; அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது. பதிலுக்கு முருங்கைக்கீரையும் செம்பருத்தியும். அக்காவின் செம்பருத்திச் செடியில் இப்போது சாமிக்குப் பூ மிஞ்சுவதில்லை என்று புகார்.

நான் கிளம்பும் வாரத்தில் தாளில் புள்ளிகள் வருவது நின்றிருந்தது, இகுவானா தொட்டியை விட்டு மேல்கிளைக்கு ஏறியிருந்தது. இருந்தாலும் இன்னும் சில வாரம் தாளை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இகுவானாவைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் ஆமைப் பக்கம் போகக் கூடாது என்பதும் சீட்டில் இருக்கிறது, அடிக்கோடு போட்டு.