பேண்ட் வகை டயபரும் துவைக்கக்கூடிய படுக்கை விரிப்பும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ள என் கணவருக்கு நான் முதலில் வாங்கியது, இடுப்பின் இருபுறமும் ஒட்டும் டேப் வகை டயபர். உறிஞ்சும் திறனில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. தம் உடலில் யாரோ எதையோ கட்டிவிட்டார்கள் என்று பதறிப் பத்து நிமிடத்தில் பிய்த்துவிடுவார். உள்ளாடையைப் போலவே காலை நுழைத்து மேலே இழுத்துக்கொள்ளும் பேண்ட் வகைக்கு மாறிய அன்று, என் உதவி இல்லாமல் அவரே அதை அணிந்துகொண்டார். அவருடைய கைகளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் நினைவிருந்தது.

இதன் பெரிய நன்மை, கழிப்பறைக்குப் போகும் வழக்கம் விட்டுப்போகவில்லை என்பதுதான். இந்நோயில் சிறுநீர்ப்பை நன்றாக இருந்தும், கழிப்பறை எங்கே என்பது மறந்துபோவதாலோ, ஆடையை அவிழ்க்கத் தெரியாமல் தடுமாறுவதாலோ கசிவு நேர்வது மிகுதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, "வாங்க, ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்று நான் அழைத்துச் செல்லும்போது, அவரே அதைக் கீழே இறக்கிக்கொள்ள முடிகிறது. பல நாட்கள் பகல் முழுவதும் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. டேப் வகையை விட இது குறைவாகவே உறிஞ்சுகிறது. நடுவில் மாற்ற வேண்டுமானால் பழையதைப் பக்கவாட்டில் கிழித்து எடுத்துவிடலாம்; புதியதை அணிவிக்கக் கால்சட்டையை முழுவதும் கழற்றியாக வேண்டும், அவர் களைத்திருக்கும் வேளையில் இது இருவருக்குமே சிரமம். பெரிய அளவு அதிகம் உறிஞ்சும் என்று எண்ணி ஒரு பொட்டலம் வாங்கியது என் தவறு: தொடையோரம் இடைவெளி விழுந்து அவ்வளவும் ஒழுகியது. இடுப்பை நாடாவால் அளந்து, உறையில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

இரவில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அணிவித்துப் பார்த்தேன். உள்ளே இருப்பதன் அடிப்புறம் நீர் புகாத பிளாஸ்டிக் என்பதால், வெளியே உள்ளது நனையாமலேயே கிடந்தது. இப்போது அடிப்புறத்தில் பிளாஸ்டிக் இல்லாத கூடுதல் பட்டை ஒன்றை உள்ளே வைக்கிறேன். அது நிறைந்ததும் மிச்சம் டயபருக்குள் இறங்குகிறது. தோல் சிவந்தபோது துத்தநாகக் களிம்பைத் தடிமனாகப் பூசி, அது டயபரின் மேற்பரப்பில் ஒட்டி உறிஞ்சுதலைக் கெடுத்ததையும் பார்த்தேன். மெல்லிய பூச்சே போதும்.

படுக்கை விரிப்பைப் பற்றி எனக்கு முழு மனநிறைவு. மேலே மென்மையான துணி, நடுவில் உறிஞ்சும் அடுக்கு, அடியில் நீர் புகாத படலம். நள்ளிரவில் படுக்கை முழுவதையும் கலைக்காமல் இதை மட்டும் உருவி எடுத்துவிடலாம். இரண்டாவது ஒன்று கையிருப்பில் இருப்பது அவசியம். துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் உறிஞ்சும் தன்மை குறையும். மிகுந்த சூட்டில் உலர்த்தினால் படலம் பிரிந்துவிடும்.

எந்தப் பொருளாலும் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் கசிவு இரண்டே நாளில் மிகுந்து, குழப்பமும் கூடியபோது, டயபரின் தரம் குறைந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன்; மருத்துவர் சோதித்ததில் அது சிறுநீர்த் தொற்று. மலச்சிக்கலும் இப்படிக் கசிவைக் கூட்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். திடீர் மாற்றத்துக்கு வேறு டயபர் தேடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பகல் முழுவதும் பேண்ட் வகை, இரவில் அதனுள் கூடுதல் பட்டை, கீழே விரிப்பு என்ற ஏற்பாட்டையே தொடர்கிறேன். பொட்டலத்தைப் பிரித்து, அவருடைய பனியன்கள் இருக்கும் அலமாரித் தட்டிலேயே அடுக்கி வைக்கிறேன். காலையில் அவரே அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார்.